ஏரிக்கரைத் தெருவில் யாருமில்லை

ஜூன் 2

அல்லியேரிக்குப் பாதாள சாக்கடை வரப்போகிறது. திட்ட அறிக்கை தயாரிக்கும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். செயற்பொறியாளர் தணிகாசலம் சார் கோப்பை என் மேசையில் வைத்துவிட்டு, "சுகந்தின்னு பேரு வச்சிக்கிட்டு சாக்கடையப் பாக்கமாட்டேன்னா எப்படிம்மா?" என்றார். இந்த நகராட்சியில் நான் உதவிப் பொறியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு அலுக்காத ஒரே நகைச்சுவை இதுதான். நானும் அலுக்காமல் சிரித்துவைத்தேன்.

நான் குடியிருப்பதும் இதே ஊர்தான். நாங்கள் வந்தபோது ஏரி, அதைச் சுற்றி வயல், ஓரமாக ஒரு ரைஸ் மில். இப்போது ஏரி மட்டும் மிச்சம், சுற்றிலும் அடுக்குமாடிகள். எல்லாவற்றின் பெயரிலும் ஒரு 'லேக்' ஒட்டிக்கொண்டிருக்கும். எங்களுடையது அல்லி லேக்வியூ. இத்தனை மாடிகளில் ஒன்றுக்குக்கூடச் சாக்கடை இணைப்பு கிடையாது. தொட்டி நிரம்பினால் லாரியைக் கூப்பிடவேண்டும். லாரி எடுத்துப்போய் எங்கே கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

வேலை சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள், முப்பது வருடம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெருத்தெருவாகக் கணிக்கவேண்டும். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர். அதில் முக்கால் பங்குக்கு மேல் சாக்கடையாகத் திரும்பிவரும். அதைச் சுமக்கிற அளவுக்குக் குழாய் போடவேண்டும். எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். பெரிய மனிதர், சின்ன மனிதர் என்ற பேச்சே இதில் இல்லை, எல்லோரும் 135 லிட்டர்தான்.

பால் வாங்க மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்திபன் கடுங்காப்பியைக் குடித்துவிட்டு அப்பார்ட்மென்ட் சங்கக் கூட்டத்துக்குப் போனார். இந்த வருடம் அவர்தான் செயலாளர். அது என்னமோ மந்திரி பதவி மாதிரி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புகிறார்.

ஜூன் 5

தேசம்மா இன்று பாத்திரம் தேய்த்தபடியே பேச்சை எடுத்தாள். எங்கள் வீட்டில் சில வருடங்களாக வேலை செய்கிறாள். என்னைவிட மூத்தவள்தான், ஆனாலும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் வளாகத்தின் பின்மதிலுக்கும் ஏரித் தண்ணீருக்கும் நடுவில் பள்ளமாகக் கிடக்கிற ஏரிக்கரைத் தெருவில் அவள் வீடு. அங்கே சிமென்ட் ஷீட்டும் ஓடும் தளமுமாக இருநூறு வீடுகளாவது இருக்கும். ரேஷன் கார்டு, ஓட்டு, மின்சாரம் எல்லாம் உண்டு. நிலம் மட்டும் நீர்நிலைப் புறம்போக்கு.

"அக்கா, பாதாள சாக்கடை வருதாமே. நீங்கதான் போடுறீங்களாமே."

"நான் எங்க மம்பட்டி எடுத்து வெட்டப்போறேன். கணக்குதான் போடுறேன்."

"எங்க தெருவையும் கணக்குல வச்சிக்கங்க. மழ வந்தா கக்கூஸ் தொட்டி பொங்கி வாசலுக்கு வந்துடுது. போன வருசம் செங்கல்ல கால வச்சி கால வச்சிதான் உள்ள போனோம். ஐப்பசியில எம் பொண்ணு பவானிக்கு தலப்பிரசவம். புள்ளத்தாச்சிய அந்த வாசல்லதான் கூட்டியாரணும்."

"இந்த ஐப்பசிக்கெல்லாம் வராது தேசம்மா. வருசக்கணக்காகும்."

"தெரியும். ரெண்டாவது பேரனுக்காவது வந்தா சரி" என்று சிரித்தாள்.

உங்கள் தெருவை விட்டுவிட்டு இந்த ஊரில் சாக்கடை போடவே முடியாது, அதுதான் ஊரிலேயே பள்ளம், எல்லாக் குழாயும் அங்கே வந்துதான் சேரவேண்டும் என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். சொல்லும்போது பெருமையாக இருந்தது. ஈரக்கையோடு என் கையைத் தொட்டு, "இது போதும்கா" என்றாள்.

ஜூன் 11

மோட்டார் ரிப்பேர். தண்ணீர் இல்லை. பிளம்பர் வந்தபோது பார்த்திபன் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பின்மதில் பக்கம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். தொட்டி நிரம்பாமல் இருக்க ஏதோ 'ஏற்பாடு' இருக்கிறதாம், அதில் அடைப்பாம். என்ன ஏற்பாடு என்று நான் கேட்கவில்லை. சாப்பிடும்போது சாக்கடை பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டில் நானே போட்ட விதி.

ஜூன் 19

மக்கள்தொகைக் கணிப்பு முடிகிற நிலையில் இருக்கிறது. கடைசியாக எடுத்த சென்சஸ் பழைய சரக்கு, அதை நம்பிக் குழாய் போட்டால் திறப்பு விழாவன்றே பொங்கிவிடும். வீட்டுவரி, மின் இணைப்பு, கட்டட அனுமதி மூன்றையும் சேர்த்துவைத்துப் பார்க்கிறேன். வடகரையில் அனுமதி மட்டும் வாங்கி இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத நான்கு கோபுரங்கள் இருக்கின்றன. அவற்றில் குடிவரப்போகிறவர்களையும் சேர்த்தேன். அவர்களுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கும் 135 லிட்டர் ஒதுக்கியாயிற்று. இப்படி ஒரு தாராளம் எனக்கு வேறு எதிலும் வராது.

ஜூன் 27

ஏரிக்கரைத் தெருவில் லெவல் எடுக்க, அதாவது மேடுபள்ளம் அளக்கப் போனோம். சர்வே ஆட்கள் இரண்டு பேர், நான். காலையிலேயே போய்விட்டோம். தெருவின் கடைசியில், எங்கள் பின்மதிலுக்குக் கீழே, ஆமணக்குச் செடிகள் புதராக மண்டிக்கிடக்கிற இடம். அங்கே ஒரு குழாய். வாய் அகலமான குழாய். சோப்பு நுரையும் மற்றதும் வந்துகொண்டிருந்தன. எல்லா வீட்டிலும் குளிக்கிற நேரம். தண்ணீர் இரண்டு வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டு ஏரிக்குள் போகிறது.

சர்வே ஆட்கள் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார்கள். சேறு அதிகம், இதோடு போதும், மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று திருப்பிவிட்டேன். செருப்பு வார் அறுந்துவிட்டது. புதிய செருப்பு வாங்கவேண்டும்.

ஜூன் 28

நிறையத் துணி சேர்ந்துவிட்டது. துவைத்தேன். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 3

பார்த்திபனிடம் கேட்டே விட்டேன். பில்டர் கட்டும்போதே போட்டுவைத்த குழாயாம். சங்கத்தில் எல்லோருக்கும் தெரியுமாம்.

"ஊர்ல எல்லா அப்பார்ட்மென்டும் இததான் பண்ணுது. நம்மது மட்டும் என்ன தங்கமா?"

"நான் என்ன வேல பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரிஞ்சதாலதான் உங்கிட்ட சொல்லல. நாளைக்கு யாராவது கேட்டா, தெரியாதுன்னு நீ உண்மையாவே சொல்லலாம் பாரு."

அவர் சொன்னதில் ஒரு அக்கறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போது தெரிந்துவிட்டது. சாக்கடைத் திட்டம் போடுகிற பொறியாளர் வீட்டுச் சாக்கடை நேராக ஏரியில். பேப்பர்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும். என் புகைப்படங்களில் நல்லதாக ஒன்றை அவனே தேடி எடுத்துக்கொள்வான்.

லாரிக்காரர்கள் எங்கள் வளாகத்துக்கு வந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இத்தனை வருடமாக அது எனக்கு உறைக்கவில்லை என்று எழுதினால் இந்த நோட்டுகூட நம்பாது.

ஜூலை 8

இன்று ஏரிக்கரைத் தெருவின் கணக்கை முடித்தேன்.

அந்தத் தெரு வழியாகப் பிரதானக் குழாய் போனால் முழு நீளத்துக்கும் லெவல் எடுக்கவேண்டும், பள்ளம் தோண்டவேண்டும். புறம்போக்கு நிலம் என்பதால் நாளைக்கு வழக்கு வரலாம், திட்டமே நின்றுபோகலாம். ஒரு தெருவுக்காக ஊர் முழுவதும் காத்திருக்க முடியுமா. ஆகவே பிரதானக் குழாயை மேட்டுச் சாலை வழியாகத் திருப்பினேன். சரிவு போதாது, நடுவில் ஒரு பம்பிங் ஸ்டேஷன் கூடுதலாக வேண்டியிருக்கிறது. பரவாயில்லை.

தெருவைக் குழாய் தொடவில்லை என்றால் அங்கே ஆள் இருப்பதாகக் காட்ட முடியாது. இன்றைய மக்கள்தொகை, பதினைந்தாம் ஆண்டு, முப்பதாம் ஆண்டு, மூன்றிலும் பூஜ்ஜியம் போட்டேன். பூஜ்ஜியத்துக்குக் காரணம் எழுதவேண்டும். 'நீர்நிலைப் புறம்போக்கு, இங்குள்ளோர் மறுகுடியமர்த்தப்படுவர் என எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதினேன். யார் எதிர்பார்க்கிறார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அரசாங்கத் தமிழில் இது ஒரு வசதி.

தொழில்நுட்ப ரீதியில் இதில் தவறு சொல்ல முடியாது.

ஜூலை 9

தணிகாசலம் சார் வரைபடத்தைப் பார்த்தார். "கூடுதலா பம்பிங் எதுக்கும்மா?" என்றார். புறம்போக்கு, வழக்கு என்றேன். "நல்ல வேல பண்ணின. புறம்போக்குல கைய வச்சா ஃபைல் நகராது" என்று பாராட்டினார். எனக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தார். அந்த டீயை நான் குடித்து முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 6

ஆடி ஞாயிறு. ஏரிக்கரைத் தெரு அம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள், நான்தான் முதல் அகப்பை ஊற்றவேண்டும் என்று தேசம்மா ஒற்றைக்காலில் நின்றாள். தலைவலி என்றேன். மாத்திரை எடுத்துக்கொடுத்தாள். ஆபீஸ் வேலை என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்று நினைவுபடுத்தினாள்.

போனேன். மேளம் அடித்து வரவேற்றார்கள். ஒரு கிழவர் என்னைக் காட்டி, "லைன் கொண்டாரது இவங்கதான்" என்று அடுத்தவருக்கு அறிமுகம் செய்தார். என் கையில் அகப்பையைக் கொடுத்தார்கள். வேப்பிலை கட்டிய அண்டாவிலிருந்து ஒவ்வொருவர் சொம்பிலும் ஊற்றினேன். வரிசை நீண்டுகொண்டே போனது. ஒவ்வொருவரும் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். இவர்கள் ஒருவர்கூட இல்லை என்று எழுதிய கை இது. அகப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. பவானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தாள், அவளுக்கு இரண்டு அகப்பை ஊற்றச் சொன்னார்கள்.

தெருக்கோடியிலிருந்து நாற்றம் வந்துகொண்டுதான் இருந்தது. யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் மூக்கைச் சுளிக்கவில்லை.

எனக்குக் கொடுத்த கூழையும் கருவாட்டுக் குழம்பையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பார்த்திபன் ருசியாக இருக்கிறது என்று முழுவதும் சாப்பிட்டார்.

செப்டம்பர் 14

நகர்மன்றத்தில் திட்டம் நிறைவேறியது. உறுப்பினர்கள் கைதட்டினார்கள். லட்டு கொடுத்தார்கள். ஏரியைக் கவனிக்கும் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்குவதற்காக அறிக்கையின் பிரதி ஒன்று அங்கே போகிறது.

தேசம்மாவிடம் லட்டைக் கொடுத்தேன். "எங்க தெருவுக்கு எந்தப் பக்கத்துல இருந்து வெட்டுவாங்க?" என்று கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லிவிட்டு, அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன்.

அக்டோபர் 17

மழை பிடித்துவிட்டது. தேசம்மா நனைந்துகொண்டே வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய காகிதத்தை எடுத்தாள். கோவில் சுவரில் ஒட்டியிருந்தார்களாம், கிழியாமல் உரித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இன்னா போட்டிருக்குதுன்னு நல்லாப் படிச்சி சொல்லுங்கக்கா. வூட்ட காலி பண்ணணும்னு சொல்லிக்கினு திரியிறாங்க."

நோட்டீஸ்தான். ஏரிக்கரைத் தெரு ஆக்கிரமிப்பை அகற்றுவது குறித்து. முதல் பத்தி சட்டப்பிரிவுகள். இரண்டாவது பத்தியைப் படிக்க ஆரம்பித்தேன், மீதியை மனதுக்குள் படித்தேன். 'இங்குள்ளோர் மறுகுடியமர்த்தப்படுவர் என எதிர்பார்க்கப்படுவதாலும், மேற்படி இடத்தில் மக்கள்தொகை இல்லை என நகராட்சியே தனது திட்ட அறிக்கையில் தெரிவித்துள்ளதாலும்.' வால் மட்டும்தான் மாறியிருந்தது, மற்றபடி என் வாக்கியம்.

"இன்னாக்கா?"

"காலி பண்ணச் சொல்றாங்க. ஆட்சேபம் இருந்தா விசாரணைக்கு வரலாம்னு போட்டிருக்கு. தாலுகா ஆபீஸ்ல."

"நீங்கதான் எங்கள கணக்குல எடுத்திருக்கீங்களே. அத சொன்னா விட்டுடுவாங்கல்ல?"

காகிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். காகிதத்தை மறுபடியும் கவரில் சுற்றிக்கொண்டு, நேற்றைய குழம்புச் சட்டியைத் தேய்க்கப் போனாள்.

சாக்கடையை மறைக்க ஒரு பூஜ்ஜியம், பூஜ்ஜியத்தை மறைக்க ஒரு வாக்கியம். வீடு போகும் என்று நான் நினைக்கவே இல்லை. நினைக்காததுதான் என் குற்றம், அதை வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 18

பார்த்திபனிடம் நோட்டீஸைப் பற்றிச் சொன்னேன். டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "அவங்களுக்கு வேற எடத்துல வீடு கொடுப்பாங்க சுகந்தி. மாடி வீடே கொடுப்பாங்க" என்றார். எங்கே என்று கேட்டேன். ஊருக்கு வெளியே எங்கேயோ, பஸ் மாறி மாறிப் போகவேண்டிய இடம். அங்கிருந்து தேசம்மா எப்படி வேலைக்கு வருவாள் என்றேன். "வேற ஆள் பாத்துக்கலாம்" என்றார். கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம்.

அக்டோபர் 29

பவானிக்கு ஆண் குழந்தை. சுகப்பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த நாளில் நல்ல மழை, வாசலில் முழங்கால் அளவு தொட்டித் தண்ணீர். தேசம்மாவின் வீட்டுக்காரர் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு உள்ளே போனாராம். சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரிப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 9

விசாரணை. நகராட்சி சார்பில் என்னையே அனுப்பிவிட்டார்கள். தணிகாசலம் சாருக்கு வேறு கூட்டம்.

தாலுகா ஆபீஸ் கூடம் முழுவதும் ஏரிக்கரைத் தெரு. ஈரக் குடைகளை வாசலில் குவித்து வைத்திருந்தார்கள். விசாரணை அதிகாரி வயதான மனிதர், பொறுமையாகத்தான் கேட்டார். ஒவ்வொருவராக ரேஷன் கார்டைக் காட்டினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நீங்க இருக்கீங்கன்னு நான் கண்ணால பாக்குறேன். ஆனா நகராட்சியே இங்க ஆள் இல்லன்னு எழுதியிருக்கு. நான் எத வச்சி முடிவு பண்றது?" என்றார்.

கூடத்தில் சலசலப்பு. தேசம்மா எழுந்தாள். "அப்படி எழுதியிருக்கமாட்டாங்க சார். கணக்குப் போட்டவங்க இங்கதான் இருக்காங்க. எங்க அக்காதான். கேட்டுப் பாருங்க" என்று என்னைக் கைகாட்டினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். கூழ் வாங்கும்போது பார்த்த அதே முகங்கள். அதிகாரி, "சொல்லுங்கம்மா" என்றார். "கள ஆய்வு செய்து எழுத்துபூர்வமாகத் தெரிவிக்கிறோம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். நகராட்சி திருத்திய கணக்கைக் கொடுத்தால் பரிசீலிப்பதாகவும், கொடுக்காவிட்டால் இருப்பதை வைத்து உத்தரவு போடுவதாகவும் சொல்லிவிட்டு அடுத்த தேதி கொடுத்தார்.

வெளியே தேசம்மா எனக்காகக் குடையோடு நின்றாள். "மேல இருக்குறவங்க மாத்தி எழுதியிருப்பாங்க. நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க, பாவம். மனச போட்டு கொழப்பிக்காதீங்க" என்றாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் குடையை என் தலைக்கே பிடித்துக்கொண்டு வந்தாள், அவள் ஒரு பக்கம் முழுவதும் நனைந்துவிட்டது. செருப்பைக் கழற்றி என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நவம்பர் 11

தணிகாசலம் சாரிடம் திருத்தவேண்டும் என்றேன்.

"எண்ணிக்கைய மாத்துறது பெரிய வேலை இல்ல. ஆனா பூஜ்ஜியம் ஏன் போட்டோம்னு கேப்பாங்க. ஆள் குடியிருக்கிறது கண்ணுக்குத் தெரியுது, லைன் போடவும் தோதான எடம். புறம்போக்குன்னா ஆள் இல்லாம போயிடுமா? என்ன காரணம்னு எழுதுவ?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது. காரணம் ஒன்றுதான், அது எங்கள் பின்மதிலுக்குக் கீழே வழிந்துகொண்டிருக்கிறது.

நவம்பர் 12

பிசின் மாதிரி ஒரு நாள். தோசை மாவு புளித்துவிட்டது. நகராட்சிக்கு நான்கு விதமாகக் கடிதம் எழுதிப்பார்த்தேன். மூன்றில் குழாய் இல்லை. மூன்றும் மிக நன்றாக வந்திருந்தன.

நவம்பர் 13

நாலாவதைக் கொடுத்தேன். தணிகாசலம் சார் இரண்டு முறை படித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதுல உன் வீட்டு அட்ரஸ் இருக்குதும்மா."

"ஆமா சார்."

"அந்தப் பத்திய எடுத்துட்டுக் கொடு. நான் கையெழுத்துப் போடுறேன். பழைய தப்பு, கணினிப் பிழைன்னு போயிடும்."

"அந்தத் தெருவுல லெவல் எடுக்கறப்ப எப்படியும் வெளிய வரும் சார். அப்ப உங்க கையெழுத்தும் அதுல இருக்கும்."

அவர் பேனாவை மூடிவைத்தார். பிறகு திறந்து, மேலே அனுப்பும்படி எழுதினார். "நடவடிக்கை வரும். தெரியும்ல?" என்றார். வழக்கமான சுகந்தி நகைச்சுவையை இன்று சொல்லவில்லை.

நவம்பர் 14

பார்த்திபனிடம் சொல்லிவிட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து இருவரையும் நீக்கிவிட்டார்கள். மூன்றாவது மாடி மாமி லிஃப்டில் என்னைப் பார்த்ததும் இறங்கிப் படிக்கட்டில் போனார். முழங்கால் வலி உள்ளவர். அந்த அளவுக்குக் கோபம்.

நவம்பர் 15

தேசம்மாவிடம் மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் கடிதம் எழுத முடிந்தது, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இன்று அவள் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"தேசம்மா, உங்க தெருவ விட்டது மேல இருக்கிறவங்க யாரும் இல்ல. நான்தான்."

கை நிற்கவில்லை, தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க அப்பார்ட்மென்ட் சாக்கடை உங்க தெருக்கோடியிலதான் விழுது. அங்க லெவல் எடுத்தா அது தெரிஞ்சிடும்னு ஆளே இல்லன்னு எழுதிட்டேன். முந்தாநாள் அத மாத்தி எழுதிக் கொடுத்திருக்கேன்."

குழாயை மூடினாள்.

"அந்தக் குழா எங்க தெருவுலதானே ஊத்துது. எங்களுக்குத் தெரியாதாக்கா? எத்தினி வருசமா மோந்துக்கினு கெடக்குறோம்."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நல்ல மனுசி, ஏரிய சுத்தம் பண்ணணும்னு வேல பாக்குறாங்க, அவங்க வூட்டுதே இங்க வருதுன்னு தெரிஞ்சா சாப்பாடு எறங்காதுன்னு. தெருவுல அல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருந்தேன், அக்கா வந்தா யாரும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு."

அவள் மீதிப் பாத்திரங்களையும் கழுவிக் கவிழ்த்தாள். மேடையைத் துடைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "கொழந்தைக்கு ஊசி போட போவணும், நாளைக்கு வரமாட்டேன்" என்றாள். திட்டியிருக்கலாம். கத்தியிருக்கலாம். நான் அதற்குத்தான் தயாராக நின்றேன்.

நவம்பர் 21

தேசம்மா வரவில்லை. பாத்திரம் நானே தேய்க்கிறேன்.

டிசம்பர் 4

என் மேல் விசாரணை தொடங்கிவிட்டது. அது முடியும்வரை கள வேலை பார்க்கலாம் என்று அனுமதி. உத்தரவைத் தள்ளிவைத்து, ஏரிக்கரைத் தெருவை வீடு வீடாகக் கணக்கெடுத்துத் தரும்படி விசாரணை அதிகாரி கேட்டிருக்கிறார். எங்கள் குழாயை அடைத்தாகிவிட்டது. வளாகத்துக்கு இப்போது லாரி வருகிறது, வாசலில் நின்று உறுமும்போதெல்லாம் மேலே பால்கனிகளில் என்னைத் திட்டுகிறார்கள்.

வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார் தணிகாசலம் சார். நானே போகிறேன் என்றேன்.

தெருவில் யாரும் மேளம் அடிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், உட்காரச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் நாயை மட்டும் அதட்டிப் பிடித்துக்கொண்டார்கள். வாசல்களில் போட்ட செங்கற்கள் இன்னும் அப்படியே கிடந்தன.

தேசம்மாவின் வீடு வந்தது. நிலைப்படியில் நின்றிருந்தாள். உள்ளே தூளியில் குழந்தை, பவானி அதை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் பெயர் கேட்கவேண்டும் என்பது விதி, கேட்டேன். முழுப்பெயரைச் சொன்னாள். இத்தனை வருடத்தில் அவள் அப்பா பெயர் எனக்கு இன்றுதான் தெரிந்தது.

"வீட்டுல எத்தன பேர் இருக்கீங்க?"

"நாலு."

பவானியையும் குழந்தையையும் பார்த்தேன். தூளியில் கால் ஆடியது. "ஆறுன்னு போட்டுக்கிறேன்" என்றேன். ஒவ்வொரு தலையும் அந்தத் தெருவுக்கு உதவும். அதையாவது செய்ய ஆசைப்பட்டேன்.

"வேணாம். அவங்க மூணாம் மாசம் மாமியார் வூட்டுக்குப் போயிடுவாங்க. அங்க அவங்கள எழுதுவாங்க" என்றாள் தேசம்மா. அவள் என் கையிலிருந்த பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்குறவங்கள மட்டும் எழுதுங்க மேடம்."

நான்கு என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.